ரிஷிகேஷில் இரண்டு நாள் கயாக்கிங்: முதல்முறை போகிற நண்பர்களுக்கு

தில்லியில் வேலை பார்க்கும் நாங்கள் நாலு பேர் ஒரு வெள்ளிக்கிழமை ராத்திரி காஷ்மீரி கேட்டில் பஸ் ஏறி, சனியும் ஞாயிறும் கங்கையில் கயாக் ஓட்டிவிட்டு, திங்கள் காலை அலுவலகத்துக்குத் திரும்பினோம். அதற்கப்புறம் பல தடவை போயாயிற்று. புதிதாகப் போகிறவர்கள் யாராவது யோசனை கேட்டால் முதலில் நான் சொல்வது ஒன்றுதான்: கயாக் ஓட்டக் கற்பதற்கு முன்னால் அதிலிருந்து வெளியே வரக் கற்றுக்கொள்ளுங்கள். முதல் இரண்டு நாளில் கவிழாமல் திரும்பிய யாரையும் நான் பார்த்ததில்லை. கவிழ்ந்தால் என்ன செய்ய வேண்டும் என்று உடம்புக்குத் தெரிந்துவிட்டால், மிச்சத்தை ஆறே சொல்லிக்கொடுக்கும்.

ராஃப்டிங் பல பேருக்குத் தெரியும். எட்டுப் பேர் ஏறும் பெரிய ரப்பர் படகு, பின்னால் வழிகாட்டி, அவர் சொல்லும்போது துடுப்புப் போட்டால் போதும். கயாக் அப்படியில்லை. ஒரே ஆள். குறுகலான பிளாஸ்டிக் படகுக்குள் காலை நீட்டி உட்கார்ந்து, இடுப்பைச் சுற்றி ஸ்ப்ரே ஸ்கர்ட் என்கிற ரப்பர் பாவாடையைக் கட்டி, அதன் விளிம்பைப் படகின் வாயோடு பொருத்திவிடுவார்கள். தண்ணீர் உள்ளே வராது. படகும் நீங்களும் ஒரே உடம்பு மாதிரி ஆகிவிடுவீர்கள். அது சாய்ந்தால் நீங்களும் சாய்வீர்கள்.

எந்தப் பகுதி, எந்த மாதம்

தேவப்பிரயாகையில் அலக்நந்தாவும் பாகீரதியும் கலந்த பிறகுதான் இந்த ஆற்றுக்குக் கங்கை என்று பெயர். நம்மவர்களுக்குப் பழக்கமான ஊர்தான். 108 திவ்ய தேசங்களில் கண்டமென்னும் கடிநகர் என்று வருவது இதுவே. அங்கிருந்து ரிஷிகேஷ் வரை சுமார் 70 கிலோமீட்டர் ஆறு மலை இடுக்குகளில் வளைந்து வருகிறது. பத்ரிநாத் போகும் சாலை பெரும்பாலும் கரையை ஒட்டியே இருப்பதால் எங்கே வேண்டுமானாலும் இறங்கலாம், முடியவில்லையென்றால் ஏறியும் விடலாம். புதியவர்களுக்கு இது எவ்வளவு பெரிய வசதி என்பது அங்கே போனால்தான் புரியும்.

படகு இறக்கும் இடங்கள் நாலு. ரிஷிகேஷிலிருந்து மேல்நோக்கி எண்ணினால், ஏறக்குறைய 9 கிலோமீட்டரில் பிரம்மபுரி, 16-இல் சிவ்புரி, 25-இல் மரைன் டிரைவ், 36-இல் கௌடியாலா. மேலே போகப் போக ஆறு முரட்டுத்தனமாகும். ஆற்றின் கடுமையை 1 முதல் 6 வரை கிரேடு போட்டுச் சொல்வார்கள். 1 என்றால் சலசலப்பு, 6 என்றால் உயிரோடு விளையாட்டு. கங்கையின் இந்தப் பகுதியில் நீர் பாறைகளுக்கிடையே துள்ளி விழும் இடங்கள், அதாவது ராபிட்கள், அதிகபட்சம் 4 வரை போகும். கௌடியாலாவுக்கும் மரைன் டிரைவுக்கும் நடுவே இருக்கும் ‘தி வால்’ அந்த ரகம். அங்கே அனுபவமுள்ள வழிகாட்டிகளே பல நாள் கரையில் இறங்கி, படகைச் சுமந்துகொண்டு பாறை மேல் நடந்து தாண்டுவார்கள். அதற்குக் கீழே ‘த்ரீ பிளைண்ட் மைஸ்’, ‘கிராஸ்ஃபயர்’, சிவ்புரிக்குக் கீழே ‘ரிட்டர்ன் டு செண்டர்’, ‘ரோலர் கோஸ்டர்’, ‘கோல்ஃப் கோர்ஸ்’, ‘கிளப் ஹவுஸ்’ என்று வரிசையாக வரும்.

இந்த ஆற்றை நான் சிபாரிசு செய்யக் காரணம் ராபிட்கள் மட்டுமில்லை. ஒவ்வொரு ராபிட்டுக்கும் கீழே அகலமான, அமைதியான கயம் ஒன்று உண்டு. மேலே கவிழ்ந்தவரையும் அவர் படகையும் துடுப்பையும் அந்தக் கயத்தில் வைத்துப் பொறுக்கிவிடலாம். மழைக்காலத்தில் கேரளத்தின் துஷாரகிரிப் பக்கம் சாலிப்புழையில் ஓட்டுகிறார்களே, அந்த மாதிரிக் குறுகிய மலை ஓடைகளில் இந்தச் சலுகை அவ்வளவாகக் கிடைக்காது. அது தேர்ந்தவர்களின் களம்.

மாதம் முக்கியம். ஜூலை, ஆகஸ்ட் இரண்டு மாதமும் பருவமழை வெள்ளத்தால் ஆறு மூடியிருக்கும். செப்டம்பரில் தண்ணீர் இறங்குவதைப் பார்த்துத் திறப்பார்கள். அக்டோபர் பாதியிலிருந்து நவம்பர் முடிய என் தேர்வு. தண்ணீர் தெளிந்து பச்சையாக இருக்கும், குளிரும் எலும்பைத் தொடாது. மார்ச்சும் நல்லதுதான், ஆனால் வெயில் சுட்டாலும் தண்ணீர் பனி மாதிரி இருக்கும். மே, ஜூனில் கூட்டம் தாங்காது. தண்ணீரும் கலங்கி ஏற ஆரம்பித்துவிடும். டிசம்பர், ஜனவரியில் மலை இடுக்குக்குள் வெயில் விழுவதே கொஞ்ச நேரம். நனைந்த உடம்போடு நிழலில் உட்கார்ந்திருப்பது புதியவருக்குத் தேவையில்லாத சோதனை.

போவதற்கு ஒரு மாதம் முன்பு

நீச்சல் தெரிந்திருக்க வேண்டும். லைஃப் ஜாக்கெட் மிதக்க வைக்கும் என்பது உண்மைதான். ஆனால் தலை தண்ணீருக்குள் போனதும் பதறுகிறவருக்கு லைஃப் ஜாக்கெட் தைரியம் தராது. வேகமாக நீந்த வேண்டியதில்லை. குளத்திலோ நீச்சல் குளத்திலோ தலைகீழாகக் குட்டிக்கரணம் அடித்து, மூக்கில் தண்ணீர் ஏற, 5 வரை எண்ணிவிட்டு நிதானமாக மேலே வரப் பழகுங்கள். தினம் பத்துத் தடவை. ஊர்ப்பக்கம் கிணற்றில் குதித்து வளர்ந்தவர்களுக்கு இது விளையாட்டு. நகரத்து ஆட்களுக்கு ஒரு வாரமாவது ஆகும்.

இரண்டாவது, தோள். கயாக்கர்களுக்கு அதிகம் வரும் பெரிய காயம் தோள் மூட்டு நழுவுவது. கை, தலைக்கு மேலேயோ முதுகுக்குப் பின்னாலேயோ போயிருக்கும்போது தண்ணீர் துடுப்பைப் பிடித்து இழுத்தால் மூட்டு கழன்றுவிடும். ஏற்கெனவே ஒருமுறை தோள் நழுவியவர்கள் டாக்டரைக் கேட்காமல் வராதீர்கள். மற்றவர்கள் புஷ்அப், ரப்பர் பட்டை இழுப்பு என்று ஒரு மாதம் செய்தால் திங்கட்கிழமை கையைத் தூக்க முடியும்.

யாரிடம் கற்பது

ரிஷிகேஷிலும் தபோவனிலும் தெருவுக்குத் தெரு ராஃப்டிங் பலகை தொங்கும். கயாக் கற்றுக்கொடுப்பவர்கள் குறைவு. பணம் கட்டுவதற்கு முன்னால் போனிலேயே கேட்டுவிடுங்கள்: ஒரு பயிற்றுநருக்கு எத்தனை பேர்? மூன்று நாலு பேருக்கு மேல் என்றால் வேண்டாம். பயிற்றுநருக்கு ஆற்று மீட்புப் பயிற்சியும் முதலுதவிப் பயிற்சியும் உண்டா? உத்தராகண்ட் சுற்றுலாத் துறையின் அனுமதி இருக்கிறதா? முதல் நாள் எவ்வளவு நேரம் அசையாத தண்ணீரில்?

கடைசிக் கேள்விதான் எனக்கு உரைகல். “அரை நாள் போதும், மத்தியானமே சிவ்புரியிலிருந்து இறக்கிவிடறோம்” என்று உற்சாகமாகச் சொல்கிற இடத்தை விட்டுவிடுங்கள். “முதல் நாள் முழுக்கக் கரையோரம்தான், சலிப்பாக இருக்கும், பரவாயில்லையா?” என்று கேட்கிறவர் நல்ல வாத்தியார்.

வெள்ளிக்கிழமை ஒரு நாள் லீவு கிடைத்தால் போட்டுவிடுங்கள். மூன்று நாள் என்பது இரண்டு நாளைவிட ஒரு நாள் அதிகம் என்பதோடு நிற்பதில்லை, கற்பது இரண்டு மடங்காகும்.

தங்குவதைப் பற்றி ஒரு வார்த்தை. ஆற்று மணலிலேயே கூடாரம் போட்டுத் தங்கிய பழைய படங்களைப் பார்த்து ஆசைப்படாதீர்கள். கௌடியாலா முதல் ரிஷிகேஷ் வரை கரை மணலில் முகாம் போட 2015-இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தடை போட்டது. ஆற்றை அது கொஞ்சம் மூச்சுவிட வைத்தது என்றே நினைக்கிறேன். ஊருக்குள் விடுதி எடுங்கள். சைவச் சாப்பாடுதான், மது கிடையாது. ஆற்றில் இறங்கப் போகிறவருக்கு அதுவே சரி. முந்தின ராத்திரி குடித்தவரை மறுநாள் தண்ணீரில் இறக்கவே கூடாது.

எதை எடுத்துப் போவது

கயாக், துடுப்பு, ஸ்கர்ட், ஹெல்மெட், லைஃப் ஜாக்கெட் எல்லாம் அங்கேயே தருவார்கள். நீங்கள் கொண்டுபோக வேண்டியவை: பருத்தி இல்லாத, உடம்போடு ஒட்டிய முழுக்கைச் சட்டை (நனைந்த பருத்தி உடம்புச் சூட்டை உறிஞ்சிவிடும்), காலோடு இறுகும் ஷூ அல்லது பின்வார் உள்ள செருப்பு, கண்ணாடி போடுகிறவர்களுக்குப் பின்கயிறு, ஒரு விசில், கரைக்கு வந்ததும் மாற்றிக்கொள்ள ஒரு முழுத் துணிக் கட்டு. ரப்பர் செருப்பு வேண்டாம். எங்களில் ஒருவர் அதைப் போட்டு வந்தார். முதல் கவிழ்தலிலேயே இரண்டும் ஹரித்வாரைப் பார்த்துப் போய்விட்டன. பிறகு அந்த வெயிலில் சூடான கூழாங்கற்கள் மேல் வெறுங்காலோடு படகைத் தூக்கிக்கொண்டு நடந்தார்.

கொடுத்த சாமானை அப்படியே வாங்கி மாட்டிக்கொள்ளாதீர்கள். ஹெல்மெட்டைப் போட்டு, நாடிப் பட்டையை இறுக்கி, முன்புறத்தைப் பிடித்துப் பின்னால் தள்ளிப் பாருங்கள். நெற்றி தெரிந்தால் அது பெரிசு. லைஃப் ஜாக்கெட்டின் தோள்பட்டையை நண்பரைவிட்டு மேலே இழுக்கச் சொல்லுங்கள். காது வரை ஏறினால் தளர்வு. ஒருமுறை நாங்கள் வாடகைக்கு எடுத்த ஒரு ஹெல்மெட்டில் பக்கிள் உடைந்து, அதற்குப் பதிலாகக் கயிற்றை முடிச்சுப் போட்டு வைத்திருந்தார்கள். வேறு இல்லை என்றார்கள். அன்றைக்கு அந்த நண்பர் ஆற்றில் இறங்கவில்லை. அரை மணி நேரம் வாக்குவாதம் நடந்தது, பணமும் திரும்பவில்லை. ஆனாலும் அது சரியான முடிவு என்றே இன்றைக்கும் சொல்வேன்.

சனிக்கிழமை காலை: படகை மாட்டிக்கொள்வது, கழற்றிக்கொள்வது

முதலில் கரையில், மணல்மேல் வைத்தே படகில் உட்காருங்கள். பாதம் முன்னாலிருக்கும் தாங்கியில் அழுத்த வேண்டும், தொடை இரண்டும் மேல்புறத்து வளைவுகளில் முட்ட வேண்டும், முதுகுப் பட்டை இடுப்பைத் தாங்க வேண்டும். முழங்காலைத் தூக்கினால் படகு அந்தப் பக்கம் சாயணும். சாயவில்லையென்றால் தளர்வு, பயிற்றுநரைக் கூப்பிட்டுச் சரிசெய்யச் சொல்லுங்கள்.

அடுத்து ஸ்கர்ட். பின்விளிம்பை முதலில் மாட்டி, பக்கங்களை முழங்கையால் பிடித்துக்கொண்டு, முன்விளிம்பை இழுத்துப் போட வேண்டும். முன்னால் ஒரு நாடா வளையம் இருக்கும். கழற்றும்போது அதைத்தான் இழுக்கணும். அது ஸ்கர்ட்டுக்கு அடியில் மாட்டிக்கொண்டால் தலைகீழாக இருக்கும்போது பிடிக்க எதுவும் கிடைக்காது. அதனால் ஒவ்வொரு தடவை தண்ணீரில் இறங்கும் முன்பும் அந்த வளையத்தைக் கையால் தொட்டுப் பாருங்கள். இத்தனை வருஷம் கழித்தும் நான் இரண்டு தடவை தொட்டுப் பார்க்கிறேன்.

இப்போது இடுப்பளவு தண்ணீரில், பயிற்றுநர் பக்கத்தில் நிற்க, வேண்டுமென்றே கவிழ வேண்டும். வெட் எக்ஸிட் என்று இதற்குப் பெயர். வரிசை இது. மூச்சை இழுத்துக்கொண்டு முன்னால் குனியுங்கள், நெற்றி படகின் மேல்தளத்தை முத்தமிடுகிற மாதிரி. அப்படியே சாய்ந்து கவிழுங்கள். தலைகீழாக ஆனதும் இரண்டு கையையும் மேலே நீட்டிப் படகின் அடிப்பாகத்தை மூன்று தடவை தட்டுங்கள். பிறகு கையை விளிம்போடு தடவிக்கொண்டே முன்னால் கொண்டுவந்தால் நாடா வளையம் கிடைக்கும். முன்னோக்கி இழுத்து, அப்புறம் உதறி எடுங்கள். ஸ்கர்ட் பிரிந்துவிடும். கை இரண்டையும் இடுப்புக்குப் பக்கத்தில் விளிம்பில் ஊன்றி, பேண்ட்டைக் கழற்றுவது போலப் படகைக் கீழ்நோக்கித் தள்ளினால் கால் வழுக்கி வெளியே வந்துவிடும். இவ்வளவும் 5 விநாடிதான்.

தட்டுவது எதற்கு என்று தோன்றும். இரண்டு பயன். பக்கத்தில் இருக்கும் படகு உங்களைத் தேடி வரும், அது ஒன்று. இன்னொன்று, அந்த மூன்று தட்டு உங்கள் மனசை நிறுத்திவைக்கும். எனக்கு முதல் தடவை நடந்தது நன்றாக நினைவிருக்கிறது. கண்ணைத் திறந்தேன். சுற்றிலும் பாலில் பச்சை கலந்தது போல ஒரு வெளிச்சம். காதுக்குள் சன்னமான ஒரு சரசரப்பு. ஆறு சுமந்துபோகும் பொடி மணல் பிளாஸ்டிக்கில் உரசும் சத்தம் அது. கை வளையத்தைத் தேடாமல் படகைத் திருப்ப முயன்றது. ஒன்று, இரண்டு, மூன்று என்று தட்டினேன். தட்டி முடித்தபோது நெஞ்சு அடங்கியிருந்தது, வளையமும் விரலில் தட்டுப்பட்டது.

இதை ஐந்தாறு தடவை செய்யுங்கள். நண்பர்களில் யாருக்காவது பயம் போகவில்லையென்றால் கிண்டல் செய்யாதீர்கள், அவசரப்படுத்தவும் வேண்டாம். அவருக்காக மற்ற மூன்று பேரும் ஒரு மணி நேரம் காத்திருக்கலாம். அப்படியும் முடியவில்லையா, அவர் காற்றடித்த திறந்த கயாக்கில் வரட்டும். அதில் ஸ்கர்ட் கிடையாது. கவிழ்ந்தால் தானாகவே வெளியே விழுந்துவிடுவார்.

கவிழ்ந்த படகை உள்ளே இருந்தபடியே நிமிர்த்துவதை ரோல் என்பார்கள். எல்லோருக்கும் முதல் நாளே அது கைவர வேண்டும் என்று ஆசை. வராது, வரவில்லையென்று வருத்தப்படவும் வேண்டாம். அதற்கு அடிப்படையான இடுப்புச் சொடுக்கை மட்டும் பயிற்றுநரின் கையைப் பிடித்துக்கொண்டு பழகுங்கள். தலை கடைசியாகத்தான் தண்ணீரைவிட்டு வர வேண்டும்; எல்லோரும் தலையை முதலில் தூக்கித்தான் கெடுத்துக்கொள்கிறோம்.

சனிக்கிழமை மத்தியானம்: ஓடும் தண்ணீர்

துடுப்புப் போடுவது கையால் இல்லை, உடம்பைத் திருப்பி. முழங்கை எப்போதும் தோளுக்குக் கீழே, கை எப்போதும் நெஞ்சுக்கு முன்னால். தோள் கழலாமல் காப்பது இந்த ஒரு பழக்கம்தான்.

இனி எடி. ஆற்றில் ஒரு பெரிய பாறை நின்றால், அதன் பின்னால் உண்டாகும் காலியிடத்தை நிரப்பத் தண்ணீர் கீழிருந்து மேல்நோக்கி, அதாவது ஓட்டத்துக்கு எதிராக, திரும்பி வரும். கரையின் மூக்குகளுக்குப் பின்னாலும் இப்படித்தான். ஊரில் பெரியவர்கள் பயமுறுத்துவார்களே, ஆளை இழுக்கும் சுழி என்று, அது வேறு. எடி கயாக்கரின் திண்ணை. அதில் நுழைந்துவிட்டால் துடுப்புப் போடாமலே நிற்கலாம், மூச்சு வாங்கலாம், அடுத்த ராபிட்டைப் பார்க்கலாம், பின்னால் வரும் நண்பருக்காகக் காத்திருக்கலாம். கங்கையை ஒரே மூச்சில் இறங்கக்கூடாது. எடியிலிருந்து எடிக்குத் தாவித் தாவித்தான் இறங்கணும்.

கீழே போகும் தண்ணீரும் மேலே வரும் தண்ணீரும் உரசும் கோடு கண்ணுக்கே தெரியும். சின்னச் சின்னக் குமிழும் மடிப்புமாக இருக்கும். புதியவர்கள் கவிழ்வது பெரும்பாலும் அந்தக் கோட்டில்தான், பெரிய அலையில் அல்ல. தாண்டும்போது மூன்று விஷயம்: வேகம் வேண்டும், கோட்டைக் கோணமாக வெட்ட வேண்டும், படகு திரும்பும் பக்கம் சாய வேண்டும். சைக்கிள் திருப்பத்தில் உள்பக்கம் சாய்கிறோமே, அதேதான். வெளியே வரும்போது கீழ்நோக்கிச் சாய்வு, உள்ளே போகும்போது மேல்நோக்கிச் சாய்வு. பயத்தில் எல்லோரும் எதிர்ப்பக்கம்தான் சாய்வோம். அந்தப் பக்கத்து விளிம்பைத் தண்ணீர் அமுக்கி ஒரே விநாடியில் கவிழ்த்துவிடும். ஒரே எடியில் நூறு தடவை உள்ளே வெளியே போய் வந்தால் மத்தியானம் சரியாகப் போய்விடும்.

சாயங்காலத்துக்குள் ஓடும் தண்ணீரில் நீந்தும் பயிற்சியும் முடித்துவிடுங்கள். படகில்லாமல் ஓட்டத்தில் மாட்டினால் மல்லாந்து, காலை முன்னால் கீழ்நோக்கி நீட்டி, கால் விரல்கள் தண்ணீருக்கு மேலே தெரிகிற மாதிரி மிதக்க வேண்டும். பாறை வந்தால் கால் தாங்கும். எடி தெரிந்ததும் புரண்டு குப்புற விழுந்து, முழு பலத்தோடு அதை நோக்கி நீந்த வேண்டும். எழுந்து நிற்க மட்டும் முயலாதீர்கள். ஆழம் தெரியாமல் காலை விடாதே என்பார்கள். ஓடும் ஆற்றில் ஆழம் தெரிந்தாலும் காலை விடக்கூடாது. முழங்கால் அளவு தண்ணீரில் பாதம் இரண்டு கல்லுக்கு நடுவே சிக்கினால் ஓட்டம் ஆளை முன்னால் மடித்துவிடும், நிமிரவே விடாது. தண்ணீர் முற்றிலும் நின்ற பிறகு, கை தரையில் தட்டும்போது எழுந்தால் போதும்.

கரையிலிருந்து கயிறு அடைத்த பையை வீசினால் கயிற்றைப் பிடியுங்கள், பையை அல்ல. கையில் சுற்றிக்கொள்ளாதீர்கள். தோளுக்கு மேலாகப் போட்டு நெஞ்சோடு அணைத்து மல்லாந்து படுத்தால், ஆறே உங்களைக் கரைக்குத் தள்ளிவிடும்.

ஞாயிறு: ஆற்றில் இறங்குவது

எங்கள் முதல் பயணத்தில் செய்ததையே உங்களுக்கும் சொல்கிறேன், இதைவிட நல்ல ஏற்பாடு எனக்குத் தெரியவில்லை. காலையில் சிவ்புரியிலிருந்து ராஃப்டில் இறங்கினோம். கயாக்குகளைத் தனியாகப் பிரம்மபுரிக்கு ஜீப்பில் அனுப்பிவிட்டோம். ரோலர் கோஸ்டரும் கோல்ஃப் கோர்ஸும் ராஃப்டிலேயே. அந்த அலைகளின் உயரமும் இழுப்பும் உடம்புக்குத் தெரிந்தது. பிரம்மபுரியில் கயாக்குக்கு மாறி, சின்ன அலைகள் உள்ள கடைசிப் பகுதியைச் சொந்தக் கையால் ஓட்டி, தபோவன் பக்கம் நிம் பீச்சில் கரையேறினோம். இரண்டு நாள் படித்தவருக்கு மூடிய கயாக்கில் அதுதான் அளவு. மரைன் டிரைவிலிருந்து கயாக்கில் இறங்க ரோல் நன்றாக வர வேண்டும். தி வால் பற்றி இப்போது பேச வேண்டியதே இல்லை.

இறங்கும் முன் தண்ணீர் மட்டத்தைப் பயிற்றுநரிடம் கேளுங்கள். பாகீரதியில் மேலே டெஹ்ரி அணை இருக்கிறது. மின்சாரத் தேவையைப் பொறுத்துத் தண்ணீர் விடுவதால் காலையில் இருந்த மட்டம் மத்தியானம் இருக்காது. சாப்பாட்டுக்குக் கரையேறினால் படகை விளிம்பில் விடாமல் நன்றாக மேலே இழுத்து வையுங்கள்.

வரிசை இப்படி: முன்னால் பயிற்றுநர், கடைசியில் இன்னொரு பயிற்றுநர் அல்லது உங்களில் தேர்ந்தவர், நடுவில் மற்றவர்கள். இருவருக்கு இடையே நாலைந்து படகு நீளம் விடுங்கள். எப்போதும் பின்னால் வருகிறவரைத் திரும்பிப் பார்த்துக்கொண்டே போங்கள். அவர் கண்ணுக்குத் தெரியவில்லையென்றால் அடுத்த எடியில் நில்லுங்கள். ராபிட் இரைச்சலில் குரல் கேட்காது, அதனால் சைகைதான் பேச்சு. துடுப்பு நெட்டாக நின்றால் வா. குறுக்காகக் கிடந்தால் நில். ஒரு பக்கம் சாய்ந்தால் அந்தப் பக்கமாக வா. சைகை எப்போதும் நல்ல வழியைத்தான் காட்டும், ஆபத்தைக் காட்டாது. உள்ளங்கையால் ஹெல்மெட்டைத் தட்டினால் நலம். விசில் ஒன்று என்றால் இங்கே பார், மூன்று என்றால் ஆபத்து. இதை முந்தின ராத்திரி சாப்பாட்டு மேசையில் வைத்தே ஒருமுறை ஒத்திகை பாருங்கள்.

தண்ணீரைப் படிக்கவும் கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும். மேலிருந்து பார்க்கும்போது வழவழப்பான கருநீர் நாக்கு ஒன்று கீழ்நோக்கிக் கூம்பாகப் போனால் அதுதான் வழி. கூம்பின் முனை உங்களைப் பார்த்து இருந்தால் அங்கே பாறை ஒளிந்திருக்கிறது. பாறைக்கு மேலே வழிந்து விழும் தண்ணீர் கீழே பள்ளமாகி, நுரை மேல்நோக்கித் திரும்பி வரும் இடத்துக்கு ஹோல் என்று பெயர். அதில் படகு மாட்டினால் சுழன்றுகொண்டே இருக்கும், ஒதுங்கிப் போங்கள். அதைவிட ஆபத்து, ஆற்றில் சாய்ந்து கிடக்கும் மரம். தண்ணீர் கிளைகளுக்குள் புகுந்து போய்விடும், ஆள் போக முடியாது. மரம் தெரிந்தால் எவ்வளவு தூரமானாலும் எதிர்க்கரைக்குப் போய்விடுங்கள்.

பாறையில் பக்கவாட்டாக மோதப் போகிறோம் என்று தெரிந்தால், பாறையைக் கட்டிப்பிடிப்பதுபோல அதன் பக்கம் சாயுங்கள். விலகிச் சாய்ந்தால் ஆறு உள்ளே புகுந்து படகைக் கவிழ்த்துப் பாறையோடு அறைந்துவிடும்.

அலை வந்தால் துடுப்பை நிறுத்தாதீர்கள். பார்த்துக்கொண்டு உட்கார்ந்தால் அலை படகைத் திருப்பிவிடும். முன்னால் சாய்ந்து, ஒவ்வொரு முகட்டிலும் ஒரு இழுப்பு. அன்றைக்கு என் முன்னால் போன நண்பர் மூன்றாவது அலையில் கவிழ்ந்தார். கவிழ்ந்த படகின் அடிப்பாகம் மஞ்சளாக மினுங்கியது, அதன்மேல் இரண்டு கை வந்து மூன்று தடவை தட்டியது. பயிற்றுநர் தன் படகின் மூக்கை அந்தக் கையருகே கொண்டுபோனார். நண்பர் அதைப் பிடித்து, இடுப்பைச் சொடுக்கி, வெளியே வராமலே நிமிர்ந்துவிட்டார். மூக்கிலும் வாயிலும் தண்ணீர் வழிய ஹெல்மெட்டைத் தட்டிக் காட்டினார். முந்தின நாள் காலை அவரும் நானும் அந்தத் தட்டை எத்தனை தடவை பழகியிருப்போம்!

யாராவது, எந்த இடத்திலாவது, “இதை நான் நடந்து தாண்டுகிறேன்” என்று சொன்னால் காரணம் கேட்காதீர்கள். நண்பர்களோடு போகும்போது வருகிற ஒரே பெரிய ஆபத்து, மற்றவர்கள் பார்க்கிறார்களே என்று இறங்குவது. புறப்படும் முன்பே இதைப் பேசி வையுங்கள். தலையில் அடி, தோள் வலி, நடுக்கம் நிற்கவில்லை என்றால் அன்றைய ஆட்டம் முடிந்தது. சாலை பக்கத்திலேயே இருக்கிறது, ரிஷிகேஷில் எய்ம்ஸ் மருத்துவமனையும் இருக்கிறது. இடுக்குக்குள் பல இடங்களில் போன் சிக்னல் கிடைக்காது என்பதால், கரையேறும் நேரத்தை விடுதியில் ஒருவரிடம் சொல்லிவிட்டு இறங்குங்கள்.

கரையேறிய பிறகு

உடனே உலர்ந்த துணிக்கு மாறுங்கள். சூடாக ஒரு டீ குடியுங்கள். இரண்டு காதையும் சாய்த்துத் தண்ணீரை வடியுங்கள். மூக்கில் ஏறிய தண்ணீர் ராத்திரி பஸ்ஸில் குனியும்போது திடீரென்று கொட்டும், பயப்பட வேண்டாம். சிராய்ப்புகளைச் சோப்புப் போட்டுக் கழுவி மருந்து தடவுங்கள். வாடகைச் சாமானில் நீங்கள் கவனித்த தளர்வையோ கிழிசலையோ திருப்பிக் கொடுக்கும்போது சொல்லிவிடுங்கள், அடுத்த வாரம் அதை இன்னொருவர் மாட்டிக்கொள்வார்.

தில்லிக்குப் பஸ்ஸில் ஆறு மணி நேரம் ஆகும். ஞாயிறு ராத்திரி நெரிசல் என்றால் இன்னும் கூடும். ரயில் வேண்டுமானால் ஹரித்வாரிலிருந்து நந்தாதேவி எக்ஸ்பிரஸ் ராத்திரியில் கிளம்பும். சென்னையிலிருந்து வருகிறவர்களுக்கு டேராடூன் விமான நிலையம் ரிஷிகேஷிலிருந்து சுமார் 20 கிலோமீட்டர்தான். எப்படிப் போனாலும் ஈரத் துணியைத் தனிப் பையில் கட்டுங்கள். அடுத்த பயணத்துக்குத் தேதியை பஸ்ஸிலேயே குறித்துவிடுங்கள். நடுவில் இரண்டு மாதத்துக்கு மேல் விட்டால் இடுப்புச் சொடுக்கு மறந்துபோகும், மறுபடி மணலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியிருக்கும்.